'வேலூர் சிறையில் அடைத்தனர்': அதுக்கு அப்புறம் என்ன?

நம்ம திருவண்ணாமலை மாவட்டச் செய்தியைப் பேப்பர்ல படிக்கிறவங்களுக்கு ஒரு வரி மனப்பாடமா இருக்கும். திருட்டோ, அடிதடியோ, கொலையோ, எதுவா இருந்தாலும் கடைசி வரி ஒண்ணுதான்: "கைது செய்து வேலூர் மத்திய சிறையில் அடைத்தனர்." அதோட செய்தி முடிஞ்சிடும். நாமும் அடுத்த பக்கம் திருப்பிடுவோம்.

போன வருஷம் அந்த வரி எங்க தெருவுக்கே வந்துச்சு. மூணு வீடு தள்ளி இருக்கிற அக்காவோட பையன். வயசு 22. ஒரு வண்டித் திருட்டு கேஸ். அவன் செஞ்சானா இல்லையான்னு இந்த எபிசோடில் நான் பேசப்போறதில்லை. கேஸ் இன்னும் நடக்குது, அதைக் கோர்ட் பார்த்துக்கும். அந்த ஒரு வரிக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு எனக்கு எதுவுமே தெரியாதுங்கிறது அப்போதான் புரிஞ்சது. இன்ஜினியரிங் படிச்சிருக்கேன், நாள் முழுக்க சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கிறதுதான் என் பொழப்பு. ஆனா நம்ம ஊர்ல இருந்து ரெண்டு ரெண்டரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற ஒரு சிஸ்டத்தைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். அதனால தேடிப் படிச்சேன். அக்காவோட நானும் போனேன்.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடலாம். சிறை ஏன் வேலூர்ல? 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். மாவட்டம் பிரிஞ்சது, சிறை பிரியலை. தமிழ்நாட்டில் மத்திய சிறைகள் மொத்தம் 9. புழலில் ரெண்டு, அப்புறம் வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை. பெரிய தண்டனைக் கைதிகள் இருக்கிறது இங்கேதான். வேலூர் மத்திய சிறை ஆண்களுக்கானது. பெண்களுக்கு அங்கேயே தனிச் சிறை இருக்கு.

பலர் வேலூர் கோட்டையையும் வேலூர் ஜெயிலையும் ஒண்ணா நினைச்சுக்கிறாங்க. ரெண்டும் வேற வேற. 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்தது கோட்டையில். சிறை இருக்கிறது தொரப்பாடியில். நம்ம ஊர்ல இருந்து போளூர், கண்ணமங்கலம், அடுக்கம்பாறை வழியா வேலூருக்குள்ள நுழையுற பக்கம். தொடங்கின வருஷம் 1830. அதாவது ஜார்ஜ் ஸ்டீபன்சனோட லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் ஓட ஆரம்பிச்ச அதே வருஷம்.

இந்த வருஷக் கணக்கில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. 1830-ல் தொரப்பாடியில் சிறை வந்தப்போ, கோட்டைக்குள்ள இன்னொரு கைதி உயிரோடு இருந்தார். கண்டியோட கடைசி ராஜா, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-ல் பிரிட்டிஷ்காரங்க கண்டியைப் பிடிச்சப்புறம் அவரைக் குடும்பத்தோட இங்கே கொண்டுவந்து வெச்சாங்க. 1832-ல் வேலூரிலேயே இறந்துபோனார். ஒரே ஊர்ல ரெண்டு விதமான சிறை. ராஜாவுக்குக் கோட்டை, வேலையாட்கள், மரியாதை. மத்தவங்களுக்குத் தொரப்பாடி. இதை மனசுல வெச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

சரி, உள்ளே போற ஆளுக்கு என்ன நடக்கும்? போலீஸ் கைது பண்ணினா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அவர் ரிமாண்ட் பண்ணினா ஒரு வாரண்ட் தருவார். சிறைக் கதவு திறக்கிறது அந்தக் காகிதத்துக்குத்தான், போலீஸுக்கு இல்லை. வாசலில் பெயர், அப்பா பெயர், அங்க அடையாளம் எல்லாம் சரிபார்த்து, சோதனை போட்டு, கையில் இருக்கிற பணம், பொருளை எழுதி வாங்கிவெச்சு, டாக்டர் கிட்ட காட்டி அப்புறம்தான் உள்ளே. உடம்புல ஏற்கெனவே காயம் இருந்தா அந்த இடத்திலேயே பதிவாகணும். இது ஏதோ சடங்கு மாதிரி தெரியும். ஆனா பின்னாடி "யார் அடிச்சது" என்ற கேள்வி வந்தா, போலீஸ் கஸ்டடிக்கும் சிறைக்கும் நடுவுல இருக்கிற ஒரு முக்கியமான சாட்சி அந்த ரெஜிஸ்டர்.

உள்ளே ரெண்டு வகை ஆட்கள். தண்டனைக் கைதிக்கு வெள்ளை யூனிஃபார்ம், கடுங்காவல்னா கட்டாய வேலை. விசாரணைக் கைதி அவனோட சொந்தத் துணியைப் போட்டுக்கலாம், வேலை செய்யணும்னு கட்டாயம் இல்லை. ஏன்னா சட்டப்படி அவன் இன்னும் குற்றவாளி இல்லை. இதுபோக மூணாவதா ஒரு வகை, குண்டர் சட்டத்தில் வந்தவங்க. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம். கலெக்டரோ கமிஷனரோ போடுற உத்தரவு அது. ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே வைக்கலாம், தண்டனை இல்லாமலே.

காலையில் பூட்டைத் திறந்ததும் எண்ணுவாங்க, சாயங்காலம் பூட்டும்போது எண்ணுவாங்க. ஒரு தலை குறைஞ்சாலும் எல்லாம் நின்னுடும். "களி திங்கப் போறியா"ன்னு நாம இன்னும் கேக்கிறோம், ஆனா இப்போ காலையில் பொங்கல், உப்புமா மாதிரி டிபன், மத்தியானம் சாதம், குழம்பு. உடம்பு சரியில்லைன்னா உள்ளேயே ஆஸ்பத்திரி. அதுக்கு மேல போனா அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, கூடவே போலீஸ் காவலோட. காவலுக்கு ஆள் கிடைக்கிற அன்னைக்குத்தான் வைத்தியம்.

வெளியே இருக்கிறவங்களுக்குச் சிறைன்னா ஒரே ஒரு வார்த்தைதான்: மனு. "மனு பாக்கப் போறேன்"னு அக்கா சொன்னப்போ ஏதோ பெட்டிஷன் கொடுக்கப் போறாங்கன்னு நான் நினைச்சேன். கைதியைப் பார்க்க எழுதிக் கொடுக்கிறது மனு, அதனால பார்க்கிறதே 'மனு பாக்கிறது' ஆயிடுச்சு. விடியக்காலை பஸ் பிடிக்கணும். ஆதாரைக் காட்டி, பேர் எழுதி, என்ன உறவுன்னு சொல்லி, கூப்பிடுற வரைக்கும் உட்காரணும். இப்போ இ-முலாகாத்னு என்.ஐ.சி. செஞ்ச ஆன்லைன் பதிவு இருக்கு, வீடியோ கால் வசதியும் வந்திருக்கு. அந்த போர்டலை அக்கா போன்ல நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஓ.டி.பி. வந்ததும் அதை என்ன பண்றதுன்னு அவங்களுக்குத் தெரியலை. ரெண்டாவது தடவை மறுபடியும் பஸ்தான் ஏறினாங்க.

அந்த வரிசையில் நின்னப்போ கவனிச்சேன், நூத்துக்குத் தொண்ணூறு பேர் பொம்பளைங்க. அம்மா, பொண்டாட்டி, அக்கா. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நாள் கூலி போகுது. அது எந்தத் தீர்ப்பிலும் எழுதாத தண்டனை.

இதே வேலூர் வாசலுக்குப் பல வருஷம் அலைஞ்ச ஒரு அம்மாவை உங்க எல்லாருக்கும் தெரியும், ஜோலார்பேட்டை அற்புதம் அம்மாள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனைக் கைது பண்ணினப்போ அவருக்கு வயசு 19. முருகன், சாந்தன், பேரறிவாளன் மூணு பேரையும் 2011 செப்டம்பர் 9 அன்னைக்குத் தூக்கில் போடணும்னு வேலூர் சிறையில் தேதி குறிச்சாச்சு. ஆகஸ்ட் 30-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதாவது பத்து நாள் முன்னாடி. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாக் குறைச்சது, கருணை மனுவை வருஷக் கணக்கில் கிடப்பில் போட்டதைக் காரணமாச் சொல்லி. பேரறிவாளன் 2022 மே 18-ல் விடுதலை. அந்த வழக்கில் உங்க கருத்து என்னவா வேணா இருக்கட்டும். 31 வருஷம் ஒரு அம்மா மனு பார்த்திருக்காங்க.

ஆயுள்னு சொன்னதும் ஒரு கட்டுக்கதையை உடைச்சுடுறேன். "ஆயுள்னா 14 வருஷம்தான், பகல் தனி, ராத்திரி தனின்னு எண்ணுவாங்க." ரெண்டுமே தப்பு. ஆயுள்னா சாகிற வரைக்கும். 1961-லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிடுச்சு. 14 வருஷம்கிறது அரசாங்கம் முன்விடுதலையைப் பத்தி யோசிக்கவே குறைஞ்சது அவ்வளவு காலம் ஆகணும்னு சில குற்றங்களுக்கு 1978-ல் சேர்த்த நிபந்தனை. அதனாலதான் அண்ணா பிறந்தநாள் வந்தா ஆயுள் கைதிகள் குடும்பத்துக்கு எதிர்பார்ப்பு. 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 பேரை ஒரேயடியா விட்டாங்க. ஒரு தலைவரோட பிறந்தநாளை நம்பித்தான் ஒருத்தனோட வெளிநாள் இருக்கு.

தண்டனைக் கைதிகளோட வேலையைச் சுருக்கமா சொல்றேன். வேலூர் தோல் ஊர் இல்லையா, சிறைக்குள்ளயும் காலணிதான் முக்கியத் தொழில். போலீஸ்காரங்க போடுற ஷூ இங்கே தயாராகுது. பிடிச்சவங்க காலுக்குப் பிடிபட்டவங்க ஷூ தைக்கிறாங்க, இதை நான் கற்பனை பண்ணிச் சொல்லலை. சிறை அங்காடியில் பொதுமக்களும் வாங்கலாம், கைதிகள் நடத்துற பெட்ரோல் பங்க்கும் இருக்கு. கூலி உண்டு. ஆனா சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு பங்கு, பாதிக்கப்பட்டவங்க குடும்பத்துக்கு ஒரு பங்கு பிடிச்சுட்டு மீதிதான் கைக்கு. 1998-ல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதிகளுக்கு நியாயமான கூலி கொடுக்கணும்னு சொன்னப்போ, பாதிக்கப்பட்டவங்களுக்கான பங்கையும் பேசிச்சு. அந்தப் பிடித்தத்தில் எனக்குத் தப்பு எதுவும் தெரியலை. சாப்பாட்டுக்குப் பிடிக்கிறதுதான் இடிக்குது. நானே போய் உட்கார்ந்து சாப்பிட்டேனா என்ன?

இப்போ அந்தக் கண்டி ராஜாகிட்ட திரும்ப வரேன்.

வேலூர் சிறைக்கு அரசியல் கைதிகள் வரலாறு பெருசு. ராஜாஜி 1921 டிசம்பர்ல இருந்து மூணு மாசம் இங்கே இருந்தார். தினமும் டைரி எழுதினார், அது புத்தகமாவும் வந்தது. சுதந்திரம் வந்தா தேர்தல் ஊழலும் பணக்காரங்க அதிகாரமும் சேர்ந்து வரும்னு 1922-லேயே உள்ளே உட்கார்ந்து எழுதிவெச்சிருக்கார். காமராஜர் இங்கே இருந்தப்போ 1941-ல் விருதுநகர் நகராட்சித் தலைவரா அவரைத் தேர்ந்தெடுத்தாங்க. விடுதலையாகி நேரா நகராட்சிக்குப் போய் ராஜினாமா பண்ணிட்டார். முழுசா வேலை பார்க்க முடியாத பதவி எதுக்குன்னு. இந்தக் காலத்தில் நம்புவீங்களா?

இவங்க காலத்தில்தான் சிறைக்குள்ள வகுப்புகள் வந்தது. 1929-ல் லாகூர் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து செத்துப்போனார். இந்தியக் கைதிகளையும் ஐரோப்பியக் கைதிகளையும் ஒரே மாதிரி நடத்தணும், அரசியல் கைதிகளை மனுஷனா நடத்தணும்னு கேட்டுத்தான். மறு வருஷம் அரசாங்கம் ஏ, பி, சி-ன்னு மூணு வகுப்பைக் கொண்டுவந்தது. ஆனா எதை வெச்சுப் பிரிச்சாங்க தெரியுமா? படிப்பு, அந்தஸ்து, வெளியே எப்படி வாழ்ந்து பழகினவங்க என்பதை வெச்சு. இனத்தை எடுத்துட்டு அந்த இடத்தில் அந்தஸ்தை வெச்சாங்க.

அது போயிடுச்சுன்னு நினைச்சேன். இல்லை. தமிழ்நாடு சிறை விதிகள் 1983-ல் ஏ வகுப்பும் பி வகுப்பும் இருக்கு. படிப்பும் வாழ்க்கைத் தரமும் இருக்கிறவங்க ஏ வகுப்பு கேட்கலாம். கட்டில், மேசை, நாற்காலி, கொஞ்சம் மேலான சாப்பாடு. எங்க தெருப் பையன் ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன். நான் பி.இ., வருமான வரி கட்டுறவன். ரெண்டு பேரும் ஒரே கேஸ்ல, ஒரே நாள்ல உள்ளே போயிருந்தா எனக்குக் கட்டில் கேக்க வழி இருக்கு, அவனுக்குத் தரை. வெளியே கட்டில்ல படுத்ததுக்கு உள்ளேயும் கட்டிலாம். 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறையில் சாதி பார்த்து வேலை கொடுக்கிற, பிரிச்சு வைக்கிற விதிகள் எல்லாம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. படிப்பு பார்த்துப் பிரிக்கிறதைப் பத்தி நமக்குக் கூச்சமே வரலைங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். எனக்குச் சாதகமா இருக்கிறதால இத்தனை நாள் கண்ணுல படலை போல.

கட்டில் கூடப் பரவாயில்லை. நிஜமான வகுப்பு வேற இடத்தில் இருக்கு. யார் உள்ளே காத்திருக்காங்க, யார் வெளியே காத்திருக்காங்க என்பதில்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்கு, 2022 கடைசி நிலவரம். இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேர்ல மூணு பேர் தண்டனை அனுபவிக்கலை, காத்திருக்காங்க. சிறைன்னா தண்டனை கொடுக்கிற இடம்னு நாம நினைக்கிறோம். எண்ணிக்கையை வெச்சுப் பார்த்தா அது ஒரு வெயிட்டிங் ஹால். எங்க துறைல சொல்லணும்னா, பிராசஸ் ஓடுறதைவிட க்யூல நிக்கிற ஜாப்தான் அதிகம்.

அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைச்சது. அக்கா வந்து ஸ்வீட் கொடுத்தாங்க. ஆனா அவன் வரலை. ஏன்னா ஜாமீன் உத்தரவுங்கிறது பாதிதான். ரெண்டு ஜாமீன்தாரர் வேணும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீதோட கோர்ட்டுல வந்து, இவன் ஓடிப்போனா நான் பணம் கட்டுறேன்னு கையெழுத்துப் போடணும். அவங்க தம்பி ஒருத்தர் தயார். இன்னொருத்தர்? அக்கா வாடகை வீடு. சொந்தக்காரங்களும் வாடகை வீடு.

1978-ல் மோத்திராம்னு ஒரு கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டாங்க. அவர் அண்ணன் தம்பி சொத்தைக் காட்டினா, அது வேற மாவட்டம், செல்லாதுன்னுட்டார் மாஜிஸ்திரேட். கிருஷ்ணய்யர் விளாசித் தள்ளினார், ஒரு கொத்தனார்கிட்ட இவ்வளவு கேக்கிறது என்ன நியாயம்னு. அவர் சாதாரணமா சொல்லலை. 1948-ல் ஒரு மாசம் உள்ளே இருந்தவர், 1957-ல் கேரளாவில் சிறைத் துறையைப் பார்த்துக்கிட்ட மந்திரி. அவர் எழுதி 45 வருஷம் கழிச்சு, 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதையே சொல்லவேண்டி வந்தது. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேணும்னு கேக்காதீங்க, ஜாமீன் கிடைச்சு ஒரு வாரத்தில் ஆள் வெளியே வரலைன்னா சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் கொடுக்கணும், ஒரு மாசம் ஆகியும் பிணை கட்ட முடியலைன்னா கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தறதைப் பத்தி யோசிக்கலாம்.

உத்தரவு போய்ச் சேர்றதே ஒரு காலத்தில் பிரச்சினை. 2021 ஜூலையில் ஆக்ராவில் 13 பேருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், தபால்ல காகிதம் வரலைன்னு உள்ளேயே வெச்சிருந்தாங்க. இன்னும் புறா கொண்டுவரும்னு வானத்தைப் பார்த்துட்டு இருக்கோமான்னு தலைமை நீதிபதி ரமணா கேட்டார். 2022-ல் ஃபாஸ்டர்னு மின்னணு முறையில் உத்தரவு அனுப்புற சிஸ்டம் வந்தது. அந்தப் பக்கை ஃபிக்ஸ் பண்ணியாச்சு. ஜாமீன்தாரர் கிடைக்காத பக்குக்கு எந்த சாஃப்ட்வேரும் இல்லை.

இப்போ நான் சொல்லவேண்டியது. அக்கா எங்க வீட்டுக்கு வந்து கேட்டாங்க. "தம்பி, நீ ஒரு கையெழுத்து போடறியா?" எங்க வீடு சொந்த வீடு, அப்பா பேர்ல. எனக்கு நிலையான சம்பளம். நான் "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்கா"ன்னேன். கேட்கவே இல்லை. கம்பெனில பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல ஏதாவது வருமா, நாளைக்கு அவன் வாய்தாவுக்கு வரலைன்னா என்ன ஆகும்னு நெட்ல தேடிட்டு இருந்தேன். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் அவன் உள்ளே இருந்தது போலீஸாலயும் இல்லை, நீதிபதியாலயும் இல்லை. இந்த மைக்குக்கு முன்னாடி உட்கார்ந்து இருக்கிற ஆளால.

பன்னிரண்டாவது நாள் அப்பாவே கேட்டார், அந்தப் பையன் விஷயம் என்னாச்சுன்னு. சொன்னேன். வீட்டு வரி ரசீதை எடுத்துக்கிட்டு அவரே கிளம்பிட்டார், நானும் பின்னாடி போனேன்.

உங்க வீட்டுக்கு யாராவது இப்படி வந்து நின்னா, ரெண்டு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கங்க. பிணைத் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கு. சில குற்றங்கள் தவிர, மத்த கேஸ்களுக்கு உதவி கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேக்கணும், வக்கீலும் அங்கே இலவசம். ரெண்டாவது, 2024 ஜூலை 1-ல் வந்த புது நடைமுறைச் சட்டம், பி.என்.எஸ்.எஸ். 479-ஆவது பிரிவு. இதுக்கு முன்னாடி எந்தக் குற்றத்துக்கும் தண்டனை வாங்காதவன், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூணில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியா உள்ளே இருந்துட்டா அவனைப் பிணையில் விடணும். மத்தவங்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றத்துக்கு இது பொருந்தாது. ஒண்ணுக்கு மேல கேஸ் இருந்தாலும் சிக்கல்.

அவன் வந்தது மறுநாள் சாயங்காலம். கையில் ஒரு துணிப்பை. வாசல்ல அக்கா அழலை, "பஸ் போயிடும், நட"ன்னாங்க. பாகாயத்தில் டீ குடிச்சோம். எனக்கும் சேர்த்து அவன்தான் காசு கொடுத்தான், உள்ளே அக்கா கணக்கில் கட்டியிருந்த பணத்தில் மிச்சம். அதுக்கப்புறம் நாலு வாய்தா ஆயிடுச்சு. நாலுக்கும் போயிட்டு வந்தான்.